யாரும் எதுவும் கொடுக்கவில்லை

கொலெட் மிஷோ தன் நாற்பத்து நான்கு வயதில் ஒரே ஒரு பெரிய பொய்யைத்தான் எழுத்தில் எழுதியிருக்கிறாள். அதையும் பொய் என்று நினைக்காமலே எழுதினாள். சமூகக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகம் ஒரு தாள் அனுப்பியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் குடும்பம் எதை வைத்துப் பிழைத்தது, யார் யார் உதவினார்கள், என்னென்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, கீழே பதினைந்து கோடுகள் போட்டிருந்தார்கள். அவள் முதல் கோட்டிலேயே வேலையை முடித்துவிட்டாள். "யாரும் எங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தாள்.

நாட்டின் வடக்கு எல்லையோரம், பனி கொட்டும் செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் பிறந்த யாராக இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கத் தெரியும். கொடுத்தேன் என்று சொல்ல மட்டும் வராது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் காலணி கழற்றிப்போட ஒரு சின்ன வாசலறை உண்டு. அதில் ஒரு பெரிய பெட்டி ஃப்ரீசர் இருக்கும். கதவுக்குப் பூட்டு இருக்காது. ஒருநாள் காலையில் ஃப்ரீசரைத் திறந்தால் வெள்ளைத்தாளில் சுற்றிய மான்கறி இருக்கும். யார் வைத்தது என்று சக்கரத் தடத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆனாலும் அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அந்த மனிதரைப் பார்த்தால் மழையைப் பற்றித்தான் பேச வேண்டும். நன்றி என்று வாயைத் திறந்தால் முகம் சிவந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். கையில் கொஞ்சம் தேறியதும் நீங்களும் வேறு யார் வாசலறையிலாவது எதையாவது வைத்துவிட்டு, நாய் குரைப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும். அதுதான் முறை.

கொலெட் இந்த முறையிலேயே வளர்ந்தவள். செப்டம்பர் மாதத்தில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகள் எல்லாரும் உருளைக்கிழங்கு பொறுக்கப் போன காலத்தில், எட்டு வயதில் வயலில் குனிந்தவள். ஒரு மரப்பீப்பாய் நிரம்பினால் ஒரு சீட்டு, சீட்டை எண்ணித்தான் கூலி. இருபத்து மூன்று வயதில் ரெமி மிஷோவைக் கட்டிக்கொண்டாள். கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையில் பத்தொன்பது வருடம் நின்றாள். கொட்டகையை மூடிய அதே இலையுதிர் காலத்தில் ரெமியின் சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம், வாரத்தில் மூன்று நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு ரெமியைக் காரில் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் ஓட்டி, டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். அவன் மெஷினில் கிடக்கும் நான்கு மணி நேரமும் அவள் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தச் சத்தத்துக்கு எந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்துபோயிற்று. அங்கே ஒரு நர்ஸ் ஒருநாள் சிரித்துக்கொண்டே, "நீ இந்தப் பக்கம் உக்கார வேண்டிய ஆள், தப்பான நாற்காலியில உக்காந்திருக்கே" என்றாள். அந்தப் பேச்சு கொலெட்டின் மனதில் ஒட்டிக்கொண்டது.

ரெமி சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை மாலை, வீட்டிலேயே இறந்தான். முந்தின நாள் வரை மெஷினுக்குப் போய்வந்திருந்தான். கடைசி வாரத்தில் வீட்டுக்கு வந்து வலிக்கு ஊசி போட நாற்பது மைலில் ஒரே ஒரு நர்ஸ்தான் இருந்தாள். அவளால் ஒரே ஒரு முறைதான் வர முடிந்தது. மற்ற நாட்களில் ரெமி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை கொலெட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது அதனால்தான்.

ரெமிக்கு ஓர் அண்ணன் உண்டு, பெயர் ஆர்மான். ஊரில் எல்லாருடைய கிழங்குப் பீப்பாய்களுக்கும் பெயர் எழுதிக்கொடுத்தவர். அப்பாவின் ஆற்றோர வயலை யார் உழுவது என்று ஆரம்பித்த பேச்சு, சகோதரர்கள் ஒன்பது வருடம் முகம் பார்க்காத சண்டையாக முடிந்தது. தம்பி படுக்கையில் விழுந்த பிறகும் ஆர்மான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் நின்றார், சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டார். மற்ற எதை மன்னித்தாலும் இதை மன்னிக்க கொலெட்டுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.

ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது.

"மிசஸ் மிஷோ, நான் உதவித்தொகை ஆபீஸ்லேந்து கென்ட்ரா விட்டம் பேசறேன். நீங்க அனுப்பின பேப்பர் என் கையில இருக்கு."

"எல்லாம் சரியா இருக்குல்ல?"

"நீங்க காட்டியிருக்கிற வருமானத்துல ஒரு ஆள் மூணு மாசம் ஓட்டறதே கஷ்டம். நீங்க மூணு பேர் ஒரு வருஷம் இருந்திருக்கீங்க. எப்படி?"

"சமாளிச்சோம்."

"அதான், எதை வெச்சு சமாளிச்சீங்க?"

"இருந்ததை வெச்சு."

கென்ட்ரா மாநிலத்தின் தென்கோடியிலிருந்து வேலைக்கு வந்த பெண். பொறுமைசாலிதான். "சரி, ஒண்ணொண்ணா வருவோம். குளிர்காலத்துல வீட்டை எப்படி சூடு பண்ணீங்க?"

"விறகு போட்டு."

"விறகை யாரு வாங்கினது?"

"யாரும் வாங்கல. வீட்டுக்குப் பின்னாடி இருந்துச்சு."

"தானா வந்துச்சா?"

கொலெட் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மையான பதில்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "மிசஸ் மிஷோ, உங்களை நான் நம்பாம இல்ல. ஆனா இதை இப்படியே மேல அனுப்பினா, கணக்கு உதைக்குதுன்னு திருப்பி அடிச்சுடுவாங்க. யார் யார் உதவி பண்ணினாங்களோ, அவங்க ஆளுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும். வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்குள்ள வேணும். அதுக்குள்ள ஃபீஸுக்கு வழி தெரியலைன்னா உங்க சீட் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அந்தப் படிப்பு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் தொடங்கும். வருடத்துக்கு நாலாயிரம் டாலர் கட்டணம். மோட்டல் அறைகளைச் சுத்தம் செய்து கொலெட் சம்பாதிப்பது வீட்டுக்கே போதவில்லை. உதவித்தொகை இல்லையென்றால் படிப்பு இல்லை. நாற்பத்தாறு வயதில் மறுபடியும் இந்தத் துணிச்சல் வருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

பதினைந்து வயது மகள் ஜோசிக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "போய்க் கேளேன்மா. நாலு கையெழுத்துதானே."

"நாலு கையெழுத்தா? அதுக்கு நான் மெயின் ரோட்டுல துணியில்லாம நடந்துடுவேன்."

"அப்படி நடந்தா காலேஜுல சீட்டு குடுப்பாங்களா?"

"வாயை மூடிட்டு சாப்பிடு."

ஆனாலும் புதன்கிழமை போனாள். முதலில் பக்கத்துப் பண்ணைக்காரர் லியோனல் சிர் வீட்டுக்கு. எழுபது வயது மனிதர், கொட்டகை வாசலில் உட்கார்ந்து சங்கிலி ரம்பத்துக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்.

"லியோனல், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுப் பின்னாடி நாலு வண்டி விறகு..."

"விறகா? என்ன விறகு?"

"மேப்பிள் விறகு. பொளந்து, காயவெச்சு, அடுக்கியிருந்துச்சு."

"எனக்கு விறகு வெட்டவே தெரியாதேம்மா." புருவத்தில் மரத்தூள், மடியில் ரம்பம், பின்னால் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கு. மனிதர் கண்ணை இமைக்கவில்லை.

"காலேஜுக்கு ஒரு பேப்பர் வேணும் லியோனல். நீங்க குடுத்தீங்கன்னு ரெண்டு வரி."

"குடுக்காததைக் குடுத்தேன்னு எழுதச் சொல்றியா? இந்த வயசுல என்னை நரகத்துக்கு அனுப்பப் பாக்குறியா நீ?" ரம்பத்தைக் கீழே வைத்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. "காப்பி குடிக்கிறியா?"

அடுத்து மளிகைக் கடை ஈவெட். ரெமி படுத்திருந்த காலத்தில் கொலெட் கூடையில் எவ்வளவு போட்டாலும் பில்லில் பாதிதான் வரும். அதை வாய்விட்டுச் சொன்னதும் ஈவெட் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"என் மெஷின் அப்பப்போ தப்பு பண்ணும். அதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடணுமா?"

"ரெண்டு வருஷமாவா தப்பு பண்ணுச்சு?"

"பழைய மெஷின். கொலெட், வரிசையில ஆள் நிக்குது, தள்ளிக்கோ."

கடையில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை.

அதற்கு மேல் எந்த வீட்டுக்கும் போக அவளுக்குக் கால் வரவில்லை. இரண்டு பேரின் முகத்தைச் சிவக்கவைத்ததே போதும் என்று வீடு திரும்பினாள். வியாழக்கிழமை முழுக்க மோட்டலில் தலையணை உறைகளை மாற்றிக்கொண்டே அழுதாள். சீட் வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை காலையில் கென்ட்ராவுக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவும் செய்துவிட்டாள். அந்த முடிவில் அந்தத் தாளின் மேல் கோபம் இருந்தது, வெட்கம் இருந்தது, துக்கமும் இருந்தது. ஊரார் மேல் அவளுக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் இல்லையென்றுதான் சொல்லியிருப்பாள்.

இரண்டு பேரிடம்தான் கேட்டாள் என்றேன் அல்லவா? அதில் ஒருத்தி மளிகைக் கடைக்காரி என்பதை மறந்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ப்ளோய் என்னும் மெல்லிய அப்பம் சுடுவதற்கு மாவு எடுக்க கொலெட் வாசலறைக்கு வந்தாள். ஃப்ரீசர் மூடியின் மேல் ஒரு ஊறுகாய்ப் புட்டி. அதன் அடியில் சில தாள்கள். எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. ஒன்று பள்ளி நோட்டிலிருந்து கிழித்தது, ஒன்று விதைக்கடை காலண்டரின் பின்பக்கம், ஒன்று தேவாலயத்தில் கொடுக்கும் பாட்டுத்தாளின் மறுபுறம். ஒன்றில்கூடப் பெயரில்லை, கையெழுத்தில்லை.

"நாலு வண்டி மேப்பிள் விறகு. காய்ந்தது. மிஷோ வீட்டுப் பின்னால் யாரோ இறக்கிவிட்டுப் போனார்கள். நான் இல்லை. ஆனால் நாலு வண்டி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்."

"கடை மெஷின் தப்பு பண்ணியது. மொத்தம் ஆயிரத்து நூறு டாலருக்குத் தப்பு பண்ணியிருக்கலாம். மெஷினை மாற்றப்போவதில்லை."

"பாதி மான், இரண்டு முறை. லைசென்ஸ் வைத்துச் சுட்டது. அதை எழுதிக்கொள்ளவும்."

"வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கொண்டுவரும் வண்டியை ஓட்டுகிறவன் நான். தப்பான வீட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டேன். மூன்று தடவை. காசு என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டாயிற்று, யாரும் கவலைப்பட வேண்டாம்."

கொலெட் வாசலறையில் நின்றபடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஒவ்வொரு தாளும் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசித் தாளைத் தவிர.

அது அட்டையில், பெரிய எழுத்துகளில், தூரிகை மையால் எழுதியிருந்தது.

"இரண்டு குளிர்காலம். திங்கள், புதன், வெள்ளி. காலை நாலரை மணிக்கு ரோட்டிலிருந்து வீடு வரை பனி தள்ளியாயிற்று. யாரும் எழுந்துவிடக் கூடாது என்று டிரக் விளக்கைப் போடவில்லை. கடைசி வெள்ளிக்கிழமையும் தள்ளியாயிற்று. அன்றைக்குக் கார் வெளியே வரவில்லை."

ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் கால் மைல் பாதை. ரெமியோடு கிளம்பிய ஒரு நாளும் அதில் பனி கிடந்ததில்லை. விறகு கொடுத்த லியோனல்தான் அதையும் செய்கிறார் என்று கொலெட் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துகளின் கால்கள் எல்லாம் அகல விரிந்து நின்றன. அதை எங்கோ பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்திலேயே, ஃப்ரீசரை ஒட்டி, கையுறைகளைப் போட்டுவைக்கும் பழைய கிழங்குப் பீப்பாய் இருந்தது. அதன் வயிற்றில் மிஷோ என்று எழுதியிருந்தது. அதே எழுத்து, கால்களை அகல விரித்துக்கொண்டு அதே நிற்பு.

ஆர்மான்.

அவள் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாரத்துக்கு மூன்று நாள், கண் தெரியாத இருட்டில், தம்பியின் கார் போக வழி செய்துவிட்டு, எங்கேயோ ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, கார் வெளியே வருகிறதா என்று அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ரெமி இறந்த மறுநாள், அந்த வெள்ளிக்கிழமையும் காத்திருந்திருக்கிறார். ஐந்து மணியாகியிருக்கும், ஐந்தரை ஆகியிருக்கும். தம்பி போய்விட்டான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொலெட்டும் சொல்லி அனுப்பவில்லை. வராத காரைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

ஜோசி எழுந்து வந்து, "அம்மா, ஏன் தரையில உக்காந்திருக்கே?" என்று கேட்டாள்.

"காரை எடுக்கணும். சாவி எங்கே?"

"மணி ஆறுதாம்மா ஆகுது. ஆபீஸ் எட்டு மணிக்குத்தான் திறப்பாங்க."

"போய் வாசல்ல நிக்கிறேன்."

கென்ட்ரா விட்டம் பதினொரு தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துப் படித்தாள். மெஷின் தப்பு பண்ணிய இடத்தில் அவள் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்த்தது. பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதுல ஒண்ணுலகூட கையெழுத்து இல்லையே."

"போடமாட்டாங்க."

"ஏன்?"

"போட்டா குடுத்தேன்னு ஆயிடும்."

"குடுத்தாங்கதானே?"

கொலெட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் கிழங்கில் ஊறிய கைகள்.

"மிசஸ் மிஷோ, இது உண்மைன்னு யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் நான் ஃபைல்ல வைக்க முடியும். யார் போடுவாங்க?"

"நான் போடறேன்."

"நீங்களா?"

"அந்த மானை நான்தான் சமைச்சேன். அந்த விறகை நான்தான் எரிச்சேன். குடுத்தவங்க சொல்ல மாட்டாங்க. வாங்கினவ சொல்றேன். அது செல்லுமா?"

கென்ட்ரா ஒரு தடித்த விதிப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் தேடினாள். இரண்டு முறை படித்தாள். "செல்லும்" என்றாள்.

"பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, அதன் கீழே கொலெட் மிஷோ என்று பதினொரு முறை கையெழுத்துப் போட்டாள். அந்த ஊரில் அதற்கு முன் யாரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். முதல் தாளில் ஒவ்வொரு எழுத்தாக மெதுவாக எழுதினாள். நாலாவது, ஐந்தாவது தாளில் வேகம் வந்துவிட்டது. கடைசித் தாளில் எழுதுவதற்கு முன் அதை இன்னொரு முறை படித்தாள்.

"இந்தப் பனி தள்ளினவர், யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" கென்ட்ரா மெதுவாகத்தான் கேட்டாள். அவள் கேட்டது ஃபைலுக்காக அல்ல.

"தெரியாது" என்றாள் கொலெட். முறை தெரிந்தவள் அவள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. கட்டணம் முழுவதும், புத்தகத்துக்குக் கொஞ்சமும் உதவித்தொகையில் அடங்கிவிட்டது. ஜோசி அதைச் சமையலறையில் மூன்று முறை உரக்கப் படித்தாள். கொலெட் ஒரு பெரிய பானை கோழிக் குழம்பு வைத்தாள். பாதியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எங்கே போனாள் என்று ஜோசி கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் இந்த ஊர்க்காரிதான்.

ஆகஸ்ட் கடைசியில் பெட்ரோல் நிலையத்தில் ஆர்மானைப் பார்த்தாள். டிரக்குக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். முன்னைவிடக் கூனியிருந்தார். அவள் காரை அடுத்த குழாயில் நிறுத்தி இறங்கினாள். பத்து வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இது.

"இந்த வருஷம் பனி சீக்கிரம் வருமாம்" என்றாள்.

ஆர்மான் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரட்டும்."

"நான் காலேஜுக்குப் போறேன். காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும். திங்கள்லேந்து வெள்ளி வரைக்கும்."

"அஞ்சு நாளுமா?"

"அஞ்சு நாளும்."

அவர் மூடியைத் திருகி மூடினார். தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டார். "டவுன்லேந்து பனி தள்ளற வண்டி வரும்."

"டவுன் வண்டி ரோட்டோட நின்னுடும். எங்க பாதைக்குள்ள வராது."

"வரும். நாலரைக்கெல்லாம் வந்துடும்."

அந்த நாலரை மணி கொலெட்டுக்குப் புரிந்தது. இருந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், காசை எண்ணுவதுபோலக் கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"விளக்கைப் போட்டுட்டு வரச் சொல்லுங்க. நாங்க எப்படியும் முழிச்சுத்தான் இருப்போம்."

"சொல்றேன்" என்றார் ஆர்மான்.